எல்லை, வகையீடு, தொகையீடு: மூன்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே எண்ணம்

கொழும்பில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் "வகையீடு என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "சுட்டியை முன்னால் கொண்டுவந்து, சுட்டியில் ஒன்றைக் குறைப்பது" என்று பதில் வரும். தொகையீடு? "அதைத் திருப்பிச் செய்வது." எல்லை? "பெறுமானத்தைப் போட்டுப் பார்ப்பது. பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வந்தால் காரணிப்படுத்தி வெட்டுவது."

இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு புள்ளி எடுக்கலாம். ஆனால் மூன்றுமே எப்படிச் செய்வது என்பதைத்தான் சொல்கின்றன. என்ன செய்கிறோம் என்பது அவற்றில் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் வகுப்புகளில் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் சூத்திரம் முதலில் வந்துவிடுகிறது, காரணம் பின்னுக்குப் போய்விடுகிறது. அப்புறம் கணக்கின் உருவம் கொஞ்சம் மாறினாலே பிள்ளை திகைத்து நிற்கிறது. அந்தத் திகைப்புக்கு மூளைக் குறைவு காரணமில்லை, இடையில் ஒரு படி விடுபட்டதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மூன்றும் சேர்ந்த நுண்கணிதத்தில் உண்மையில் புதிதாக இருப்பது ஒரே ஒரு எண்ணம்தான். அது எல்லை. வகையீட்டில் அதற்கு மேல் இருப்பது வெறும் வகுத்தல். தொகையீட்டில் இருப்பது வெறும் பெருக்கலும் கூட்டலும். எல்லை பிடிபட்டால் மற்ற இரண்டும் அதிக தூரத்தில் இல்லை.

ஒரு சின்ன ஏற்பாடு. பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்துகளால் எழுதுவதை இங்கே தமிழ் எழுத்தால் எழுதுகிறேன். ந என்றால் செக்கனில் நேரம். இ என்றால் ஒரு சிறிய நேர இடைவெளி. அவ்வளவுதான்.

## காலி வீதியில் ஒரு கார்

வெள்ளவத்தையில் சிவப்பு விளக்கில் ஒரு கார் நிற்கிறது. பச்சை விழுகிறது, கார் புறப்படுகிறது. முதல் சில செக்கன்களில் அது போன தூரம், நேரத்தின் வர்க்கம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1 செக்கனில் 1 மீற்றர், 2 செக்கனில் 4 மீற்றர், 3 செக்கனில் 9 மீற்றர். சுருக்கமாக, தூரம் = ந². இப்படி ஒரு மாறியின் பெறுமானத்தைக் கொடுத்தால் இன்னொரு பெறுமானத்தைத் தரும் விதிக்குச் சார்பு என்று பெயர்.

இப்போது கேள்வி: சரியாக 3 ஆவது செக்கனில் காரின் வேகம் என்ன?

எளிதான கேள்விபோல இருக்கிறது, ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. 3 ஆவது செக்கன் என்ற ஒற்றைக் கணத்தில் கார் போன தூரம் பூச்சியம். கழிந்த நேரமும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கணத்தில் காரின் வேகமானியின் முள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணத்தை விட்டுவிட்டு ஒரு சிறு இடைவெளியை எடுப்போம். 3 இலிருந்து 4 வரை கார் போனது 16 − 9 = 7 மீற்றர், ஆகவே சராசரி வேகம் செக்கனுக்கு 7 மீற்றர். 3 இலிருந்து 3.5 வரை எடுத்தால் 3.25 மீற்றரை அரைச் செக்கனால் வகுக்க வேண்டும்: 6.5. 3 இலிருந்து 3.1 வரை எடுத்தால் 6.1. 3.01 வரை எடுத்தால் 6.01. மறுபக்கத்திலிருந்தும் வரலாம்: 2.9 இலிருந்து 3 வரை 5.9.

பார்த்தவுடனேயே 6 என்று சொல்லத் தோன்றும். சரிதான். ஆனால் "தோன்றுகிறது" என்பது கணிதத்துக்குப் போதாது. அதை உறுதியாகச் சொல்லும் வழிதான் எல்லை.

## எல்லை: கிட்டப் போவது என்றால் என்ன

மேலே செய்த கணக்கை ஒரே தடவையில் செய்யலாம். 3 இலிருந்து 3 + இ வரை எடுங்கள். போன தூரம் (3 + இ)² − 9. விரித்தால் 9 + 6இ + இ² − 9, அதாவது 6இ + இ². இதை இ ஆல் வகுத்தால் 6 + இ.

இங்கே நன்றாக நிற்க வேண்டும். வகுத்தபோது இ பூச்சியம் அல்ல. அதனால் வகுத்தல் முறையானது. கிடைத்த 6 + இ என்பது எந்த இடைவெளிக்கும் பொருந்தும் உண்மை. இ = 0.1 என்றால் 6.1, இ = −0.1 என்றால் 5.9. மேலே ஒவ்வொன்றாகக் கண்ட எண்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

அடுத்து வகுப்பில் வழக்கமாகச் சொல்வது: "இ ஐப் பூச்சியமாக்கினால் 6." கூர்மையான பிள்ளை உடனே கேட்கும்: "சேர், முதலில் பூச்சியம் இல்லை என்று சொல்லி வகுத்தீர்கள். இப்போது பூச்சியம் என்று போடுகிறீர்கள். எது உண்மை?"

இது மிக நல்ல கேள்வி. 1734 இல் அயர்லாந்தின் தத்துவஞானி ஜோர்ஜ் பாக்லி இதே கேள்வியை அன்றைய கணிதவியலாளர்களிடம் அச்சிலேயே கேட்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் 17 ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறை சரியான விடைகளைத் தந்துகொண்டிருந்தது. ஆனால் ஏன் தருகிறது என்பதற்குத் திருப்தியான பதில் யாரிடமும் இருக்கவில்லை. தெளிவான பதில் 19 ஆம் நூற்றாண்டில்தான், கோஷி, வையர்ஸ்ட்ராஸ் போன்றவர்களின் கையால் வந்தது. இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளையை "அதெல்லாம் சோதனைக்கு வராது" என்று உட்கார வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விடயம். அந்தப் பிள்ளை நுண்கணிதத்தின் வாசலில் சரியாக நிற்கிறது.

பதில் இதுதான். நாம் இ ஐப் பூச்சியமாக்கவே இல்லை. நாம் சொல்வது வேறு: 6 + இ என்ற எண்ணை 6 க்கு எவ்வளவு கிட்டவும் கொண்டுபோகலாம், இ ஐப் போதுமான அளவு சிறிதாக வைத்துக்கொண்டால் போதும்.

"எவ்வளவு கிட்டவும்" என்பதைத் துல்லியமாகச் சொல்வோம். நீங்கள் ஒரு பிழை அளவைச் சொல்லுங்கள், 0.001 என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் 6 இலிருந்து 0.001 க்கு மேல் விலகக்கூடாது என்கிறீர்கள். நான் சொல்வேன்: இ இன் அளவை, குறியைப் பார்க்காமல், 0.001 ஐ விடச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், பூச்சியமாக மட்டும் வைக்காதீர்கள். உங்கள் நிபந்தனை நிறைவேறும். நீங்கள் பத்து இலட்சத்தில் ஒன்று என்று கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. எந்தப் பிழை அளவைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. இப்படி எந்த அளவுக்கும் பதில் சொல்ல முடிகிற அந்த ஒரே எண்ணை எல்லை என்கிறோம். 6.0001 ஐ அப்படிச் சொல்ல முடியாது. 5.9999 ஐயும் முடியாது. 6 மட்டும்தான்.

இதிலிருந்து மூன்று தவறான எண்ணங்கள் தாமாக விழுந்துவிடுகின்றன.

முதலாவது, எல்லை என்பது "ஏறத்தாழ" விடை என்ற எண்ணம். இல்லை. சராசரிகள்தான் ஏறத்தாழ. எல்லை சரியாக 6.

இரண்டாவது, எங்கேயோ "முடிவிலாச் சிறிய எண்" ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம். மேலே நாம் பாவித்தவை எல்லாம் சாதாரண எண்கள். பூச்சியத்துக்கு அடுத்த எண் என்று ஒன்று கிடையாது, அது தேவையும் இல்லை.

மூன்றாவது, எல்லையைக் காணப் பெறுமானத்தைப் போட்டுப் பார்த்தால் போதும் என்ற எண்ணம். எல்லைக்கு அந்தப் புள்ளியில் என்ன நடக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். (ந² − 9)/(ந − 3) என்ற சார்புக்கு ந = 3 இல் பெறுமானமே இல்லை. ஆனால் 3 தவிர்ந்த எல்லா இடத்திலும் அது ந + 3 க்குச் சமம், ஆகவே 3 ஐ நெருங்கும்போது அதன் எல்லை 6. இது காரின் கணக்கேதான், வேறு உடையில் வந்திருக்கிறது. பல கணக்குகளில் போட்டுப் பார்ப்பது வேலை செய்வது ஏன்? அந்தச் சார்புகள் அங்கே உடைவில்லாமல் ஓடுகின்றன, அதனால் பெறுமானமும் எல்லையும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தப் பண்புக்குத் தொடர்ச்சி என்று பெயர்.

அப்புறம், பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வந்தால் விடை 1 என்றோ, முடிவிலி என்றோ, பூச்சியம் என்றோ எழுதுகிறவர்கள் உண்டு. அது விடையே அல்ல. இன்னும் வேலை இருக்கிறது என்ற அறிவிப்பு அது. மேலே உள்ள கணக்கில் அது 6 ஆயிற்று. வேறு கணக்கில் வேறு எண்ணாகும், சிலவற்றில் எல்லையே இல்லாமலும் போகும்.

காரணிப்படுத்தி வெட்ட முடியாத ஒன்றையும் பார்ப்போம்: சைன் ந ஐ ந ஆல் வகுத்து, ந ஐப் பூச்சியத்துக்கு நெருக்குவது. இங்கே ந நேரமல்ல, ஒரு கோணம். கல்குலேட்டரை எடுத்து 0.1 போட்டால் 0.99833 வரும். 0.01 போட்டால் 0.99998. எல்லை 1. ஆனால் சிலருக்கு 0.01745 என்று வரும். அவர்களுடைய கல்குலேட்டர் பாகையில் இருக்கிறது. அவர்கள் கண்டதும் ஓர் எல்லைதான், π ஐ 180 ஆல் வகுத்த எண். கோணத்தை ஆரையனில் அளந்தால்தான் 1 வரும். ஆரை 1 ஆக உள்ள வட்டத்தில் ஆரையன் என்பது வில்லின் நீளமே. சைன் என்பது அந்த வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் ஆரைக்கு இறக்கிய செங்குத்தின் நீளம். வில் சிறிதாகச் சிறிதாக இரண்டு நீளங்களின் விகிதமும் 1 ஐ நெருங்குகிறது. உயர்கணிதத்தில் வகையீட்டுக்கு ஆரையனையே பாவிப்பதற்கு முழுக் காரணமும் இந்த 1 தான். பாகையில் வைத்தால் ஒவ்வொரு வரியிலும் அந்த 0.01745 ஐத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிவரும்.

இதுவரை: எல்லை என்பது ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பு எந்த எண்ணுக்கு எவ்வளவு கிட்டவும் போகிறதோ அந்த எண். புள்ளியில் உள்ள பெறுமானம் அதற்குத் தேவையில்லை. விடை துல்லியமானது.

## வகையீடு: ஒரு பின்னத்தின் எல்லை

காரின் 3 ஆவது செக்கனில் கண்டதை எந்தச் செக்கனுக்கும் காணலாம். (ந + இ)² − ந² = 2நஇ + இ². இ ஆல் வகுத்தால் 2ந + இ. இ பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை 2ந. ஆகவே எந்த நேரத்திலும் வேகம் 2ந. 3 இல் 6, அதாவது மணித்தியாலத்துக்கு 21.6 கிலோமீற்றர்.

மாற்றத்தை மாற்றத்தால் வகுத்து எல்லை எடுத்துக் கிடைக்கும் இந்தப் புதுச் சார்புக்குப் பெறுதி என்று பெயர். பெறுதியைக் காணும் செயல்தான் வகையீடு. வரைபில் பார்த்தால், வளையியில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வை, அதாவது படித்திறனை எடுத்து, இரண்டாவது புள்ளியை முதலாவதை நோக்கி நகர்த்துகிறோம். எல்லையில் கிடைப்பது அந்தப் புள்ளியில் தொடலியின் படித்திறன். தொடலி என்றால் வளையியை ஒரே ஒரு இடத்தில் தொடும் கோடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு அது சரி. ந³ இன் வளையிக்கு ந = 1 இல் வரைந்த தொடலி, ந = −2 இல் அதே வளையியை மறுபடி சந்திக்கிறது. ஆனாலும் அது தொடலிதான். எத்தனை இடத்தில் தொடுகிறது என்று எண்ணுவதில் பயனில்லை, அந்தப் புள்ளியில் வளையியின் படித்திறனோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

ந³ க்கும் இதையே செய்து, (ந + இ)³ − ந³ ஐ நீங்களே விரித்துப் பாருங்கள்: 3ந²இ + 3நஇ² + இ³. வகுத்தால் 3ந² + 3நஇ + இ². எல்லை 3ந². சுட்டி முன்னால் வந்திருக்கிறது, ஒன்று குறைந்தும் இருக்கிறது. மனப்பாடம் செய்த விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. இ அடங்கிய உறுப்புகள் எல்லையில் மறைந்துவிட, முதல் உறுப்பு மட்டும் மிஞ்சுகிறது.

விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எங்கே செல்லாது என்பதும் தெரியும். 2 இன் ந ஆம் அடுக்கை வகையிடச் சொன்னால், ந ஐ முன்னால் கொண்டுவந்து ந இலிருந்து ஒன்றைக் குறைப்பவர்கள் நிறைய. சோதித்துப் பாருங்கள். அந்த விதிப்படி ந = 0 இல் படித்திறன் பூச்சியம். ஆனால் 2 இன் 0 ஆம் அடுக்கு 1, 2 இன் 0.01 ஆம் அடுக்கு ஏறத்தாழ 1.00696. வித்தியாசத்தை 0.01 ஆல் வகுத்தால் 0.696. நிச்சயமாகப் பூச்சியம் இல்லை. (எல்லை எடுத்தால் 0.693 அளவில் நிற்கும். அது 2 இன் இயற்கை மடக்கை.) மாறி அடியில் இருக்கும்போதுதான் அந்த விதி பிறந்தது. மாறி அடுக்கில் ஏறிவிட்டால் அது வேறு சார்பு.

இன்னொன்று: இரண்டு சார்புகளின் பெருக்கத்தை வகையிட, தனித்தனியே வகையிட்டுப் பெருக்குவது. ந × ந ஐ எடுங்கள். ஒவ்வொன்றின் பெறுதியும் 1, பெருக்கினால் 1. உண்மையான விடையோ 2ந. சரியான விதி: முதலாவதன் பெறுதியை இரண்டாவதால் பெருக்கி, இரண்டாவதன் பெறுதியை முதலாவதால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 1 × ந + 1 × ந = 2ந. எந்த விதியிலும் சந்தேகம் வந்தால் இப்படி விடை தெரிந்த ஒரு சின்னச் சார்பில் போட்டுப் பார்க்கும் பழக்கம் மிகப் பயனுள்ளது. சோதனை மண்டபத்திலும் அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

எல்லாச் சார்புக்கும் எல்லா இடத்திலும் பெறுதி இருக்காது. கூர்முனை உள்ள வளையியில், முனைக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தால் ஒரு படித்திறன், வலப்பக்கத்திலிருந்து வந்தால் இன்னொன்று. ஒரே எண் கிடைக்காததால் அங்கே எல்லை இல்லை, பெறுதியும் இல்லை.

## பெறுதியை வைத்து ஒரு கணக்கு

உங்களிடம் 40 மீற்றர் வேலிக் கம்பி இருக்கிறது. ஒரு பக்கம் ஏற்கெனவே நேரான மதில். மற்ற மூன்று பக்கமும் கம்பியால் அடைத்து ஒரு செவ்வக நிலத்தை எடுக்க வேண்டும். எந்த அளவில் அடைத்தால் நிலம் கூடுதலாக இருக்கும்?

மதிலுக்குச் செங்குத்தான பக்கம் ப மீற்றர் என்றால் மதிலுக்கு எதிர்ப்பக்கம் 40 − 2ப. பரப்பளவு ப(40 − 2ப) = 40ப − 2ப². பெறுதி 40 − 4ப. பெறுதி நேர் எண்ணாக, அதாவது பூச்சியத்துக்கு மேல், இருக்கும்வரை ப கூடக் கூட நிலம் கூடுகிறது. மறை எண்ணானதும் குறையத் தொடங்குகிறது. திரும்பும் இடம் பெறுதி பூச்சியமாகும் இடம்: ப = 10. எதிர்ப்பக்கம் 20, பரப்பளவு 200 சதுர மீற்றர். கொழும்பு வழக்கில் சொன்னால் 8 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு.

பெறுதி பூச்சியம் என்றதும் "அதிகபட்சம்" என்று எழுதிவிடக்கூடாது. ந³ க்கு ந = 0 இல் பெறுதி பூச்சியம், ஆனால் அது அங்கே உச்சியும் இல்லை, அடியும் இல்லை. இரு பக்கமும் பெறுதியின் குறி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் கணக்கில் 10 க்கு முன் நேர், பின் மறை. ஆகவே உச்சி.

## தொகையீடு: ஒரு கூட்டுத்தொகையின் எல்லை

இப்போது கேள்வியைத் திருப்புவோம். காரில் வேகமானி மட்டும் வேலை செய்கிறது, தூரமானி பழுது. ஒவ்வொரு கணத்திலும் வேகம் 2ந என்று தெரியும். முதல் 3 செக்கனில் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

வேகம் மாறாமல் இருந்தால் வேகத்தை நேரத்தால் பெருக்கினால் போதும். இங்கே மாறுகிறது. சரி, நேரத்தைத் துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு செக்கனின் தொடக்கத்திலும் உள்ள வேகத்தை எடுத்தால் 0, 2, 4: கூட்டினால் 6 மீற்றர். இது குறைவான மதிப்பு, ஏனென்றால் ஒவ்வொரு துண்டிலும் கார் அதைவிட வேகமாகத்தான் போனது. முடிவில் உள்ள வேகத்தை எடுத்தால் 2, 4, 6: கூட்டினால் 12. இது கூடுதலான மதிப்பு. உண்மையான தூரம் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

அரைச் செக்கன் துண்டுகளாக வெட்டினால் 7.5 க்கும் 10.5 க்கும் இடையில். பத்தில் ஒரு செக்கன் என்றால் 8.7 க்கும் 9.3 க்கும் இடையில். நூறில் ஒன்று என்றால் 8.97 க்கும் 9.03 க்கும் இடையில். இரண்டு மதிப்புகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எப்போதும் துண்டின் அகலத்தின் 6 மடங்கு. நீங்கள் எந்தப் பிழை அளவைக் கேட்டாலும் துண்டை அதற்கேற்பச் சிறிதாக்கலாம். இரண்டுக்கும் இடையில் எப்போதும் அகப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரே எண் 9.

இந்த எல்லைக்கு வரையறுத்த தொகையீடு என்று பெயர். வரைபில் ஒவ்வொரு துண்டும் ஒரு ஒடுங்கிய செவ்வகம், உயரம் வேகம், அகலம் நேரம். ஆகவே மொத்தம், வளையிக்குக் கீழே உள்ள பரப்பளவு. நம் கணக்கில் அது ஒரு முக்கோணி: அடி 3, உயரம் 6, பரப்பளவு 9.

"தொகையீடு என்றால் பரப்பளவு" என்று மட்டும் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அச்சுக்குக் கீழே போகும் பகுதி கழிக்கப்படும். ந − 1 ஐ 0 இலிருந்து 2 வரை தொகையிட்டால் விடை பூச்சியம், ஆனால் வரைபில் அடைபட்ட பரப்பளவு 1. கார் பின்னால் வந்தால் வேகம் மறை. தொகையீடு தருவது புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை. மொத்தமாக எவ்வளவு ஓடியது என்பது வேறு கேள்வி. பரப்பளவு கேட்டால் அச்சைக் கடக்கும் இடத்தில் கணக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

துண்டுகளைக் கூட்டி எல்லைக்குப் போகும் எண்ணம் மிகப் பழையது. ஆர்க்கிமிடீஸ் பரவளைவு அடைக்கும் பரப்பளவை ஏறக்குறைய இந்த வழியில்தான் கண்டார். 14 ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் சங்கமக்கிராமத்து மாதவரின் மரபினர் சைன், கோசைன் ஆகியவற்றுக்கும் π க்கும் முடிவிலாத் தொடர்களைக் கண்டார்கள். 16 ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதப்பட்ட யுக்திபாஷையில் அவற்றின் நிறுவல்களும் இருக்கின்றன. அதனால் நுண்கணிதம் முழுவதும் அங்கேயே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சார்புக்கும் பொருந்தும் பொது முறையாக வகையீட்டையும் தொகையீட்டையும் ஒன்றாகக் கட்டியது நியூட்டனும் லைப்னிட்ஸும். மாதவரின் பெருமை பெருமைதான், அதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

## இரண்டும் ஏன் எதிரெதிர்

ஒன்று பின்னத்தின் எல்லை. மற்றது கூட்டுத்தொகையின் எல்லை. தோற்றத்தில் சம்பந்தமே இல்லை. அப்படியானால் "திருப்பிச் செய்வது" ஏன் சரியாக வருகிறது? நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று சொல்லப்படுவது இதற்கான பதில்தான், அதன் சாரம் ஒரு பந்தியில் அடங்கும்.

ந வரையுள்ள பரப்பளவு தெரியும் என்று வையுங்கள். நேரத்தை இ அளவு நீட்டுங்கள். பரப்பளவில் புதிதாகச் சேருவது ஒரு மெல்லிய கீற்று. அதன் அகலம் இ, உயரம் ஏறத்தாழ அந்த இடத்து வளையியின் உயரம். கூடிய பரப்பளவை இ ஆல் வகுத்தால் மிஞ்சுவது ஏறத்தாழ அந்த உயரம். எல்லை எடுத்தால் "ஏறத்தாழ" போய்விடுகிறது. ஆகவே பரப்பளவின் பெறுதி, வளையியின் உயரமே. (வளையி தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "ஏறத்தாழ" என்ற சொல் நிற்காது.)

இதன் பயன் பெரியது. ஆயிரம் செவ்வகங்களைக் கூட்ட வேண்டியதில்லை. எதை வகையிட்டால் இந்தச் சார்பு வரும் என்று கண்டுபிடித்து, இரு முனைகளிலும் போட்டுக் கழித்தால் முடிந்தது. ந² ஐ 0 இலிருந்து 1 வரை தொகையிட, ஆயிரம் துண்டுகளாக வெட்டினால்கூட 0.3328 க்கும் 0.3339 க்கும் இடையில் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் ந³/3 ஐ வகையிட்டால் ந² வரும். 1 ஐயும் 0 ஐயும் போட்டுக் கழித்தால் சரியாக மூன்றில் ஒன்று.

விட்டுவிட்டால் சோதனையில் புள்ளி போகும் மாறிலி, அதாவது மாறாத ஓர் எண், பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். முனைகள் தராமல் தொகையிடச் சொன்னால் அது வரையறாத தொகையீடு, அப்போது கடைசியில் ஒரு மாறிலி சேர்க்க வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள். வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கார் வெள்ளவத்தையில் புறப்பட்டதா, தெஹிவளையில் புறப்பட்டதா என்று தெரியாது. இரண்டுக்கும் வேகம் ஒன்றே. ந², ந² + 5, ந² − 100 எல்லாவற்றின் பெறுதியும் 2ந. புறப்பட்ட இடம் என்ற அந்தத் தெரியாத எண்தான் மாறிலி. முனைகள் தந்திருந்தால் கழிக்கும்போது அது தானாக வெட்டுப்பட்டுப் போகும், அதனால் எழுதத் தேவையில்லை.

இதுவரை: பெறுதி ஒரு கணத்தின் மாற்ற வீதம். தொகையீடு அந்த வீதத்தைத் திரட்டி மொத்தத்தைத் தருகிறது. இரண்டும் எல்லைகள். திரட்டியதன் மாற்ற வீதம் திரட்டிய பொருளே என்பதால் ஒன்று மற்றதைத் திருப்பிவிடுகிறது.

## கையால் செய்து பார்க்க ஒன்று

காரின் வேகம் 2ந க்குப் பதிலாக 3ந² என்று வையுங்கள். முதல் 2 செக்கனில் போன தூரம் என்ன?

முதலில் விதியைத் தொடாதீர்கள். ஒரு செக்கன் துண்டுகளாக வெட்டினால் தொடக்க வேகங்கள் 0, 3, முடிவு வேகங்கள் 3, 12. தூரம் 3 க்கும் 15 க்கும் இடையில். அரைச் செக்கன் துண்டுகளில் 5.25 க்கும் 11.25 க்கும் இடையில். கால் செக்கனுக்கு நீங்கள் செய்யுங்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு மதிப்புகளுக்கும் இடைவெளி 3 ஆக வந்தால் கணக்கு சரியாகப் போகிறது.

அதற்குப் பிறகு, வகையிட்டால் 3ந² வரும் சார்பு ந³ என்பதைப் பாவியுங்கள். 2 ஐயும் 0 ஐயும் போட்டுக் கழித்தால் 8 மீற்றர். நீங்கள் கண்ட ஒவ்வொரு சோடி மதிப்புக்கும் இடையில் 8 இருக்கிறதா என்று சரிபாருங்கள்.